அந்த அக்கா யாரிடம் கதை சொல்கிறாள்?

துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் தலையில் இந்த வருடம் அந்த நாவல் கட்டப்பட்டிருக்கும். எம்.ஏ. ஆங்கிலம், இரண்டாம் ஆண்டு. நானூறு பக்கத்துக்கு மேல். மேற்கோள் குறி கிடையாது, அத்தியாயத் தலைப்பு கிடையாது, யார் பேசுகிறார்கள் என்று பிடிபடுவதற்குள் பக்கம் முடிந்துவிடும். கால அட்டவணையில் உங்கள் பெயருக்கு நேரே அதைப் பார்த்ததும் முகம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கு உங்கள் மேல் பரிதாபமெல்லாம் இல்லை, பொறாமைதான். அந்தப் புத்தகத்தை முதல் தடவை படிக்கிற பாக்கியம் உங்களுக்கு மிச்சம் இருக்கிறது, எனக்கு இல்லை.

துறைத்தலைவர் என்னிடம் எழுதச் சொன்னது வேறு. வகுப்பை எப்படிக் கட்டுக்குள் வைப்பது, வருகைப் பதிவு விஷயத்தில் எவ்வளவு கறாராக இருப்பது, இப்படி ஏதாவது புதியவர்களுக்குச் சொல்லுங்கள் மேடம் என்றார். அதெல்லாம் நீங்களே அடிபட்டுக் கற்றுக்கொள்வீர்கள். யாரும் உங்களிடம் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். நமக்கு மாணவர்கள் மேல் பொறாமை வரும். வந்தால் என்ன செய்வது என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தர மாட்டார்கள்.

முதலில் நாவலின் கதை. சின்னக் கதைதான். ஆற்றங்கரையில் ஒரு பழைய வீடு. அதில் அக்கா, தங்கை, அவர்களை வளர்க்கும் பெரியம்மா. ஒரு மழைக்காலத்தில் ஆறு வீட்டுக்குள் ஏறி வருகிறது. அக்கா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக வெளியேறுகிறாள். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், இருவரில் அக்கா மட்டும் இருக்கிறாள். கை நழுவியதா, அக்கா விட்டுவிட்டாளா? நாவலில் மூன்று பேர் இந்த ஒரே சம்பவத்தைச் சொல்கிறார்கள். முதலில் பெரியம்மா, அடுத்து ஒரு படகுக்காரன், கடைசியில் அக்கா. மூன்று பேரும் சொல்லி முடித்த பிறகும் விடை இல்லை.

"மேடம், கைய வுட்டாளா இல்லியா? அத மட்டும் சொல்லிடுங்க, நாங்க எழுதிக்கிறோம்."

ஒவ்வொரு வருடமும் இந்தக் கேள்வி வரும். கடைத்தெருவில் கிடைக்கிற கைடு புத்தகம் ஒரே வரியில் "விட்டாள்" என்று முடித்துவிடும். நான் அப்படி முடிக்க மாட்டேன். ஆசிரியர் வேண்டுமென்றே திறந்து விட்டிருக்கிறார் என்பேன், நாலு விமர்சகர்கள் சொன்னதைச் சொல்வேன், எல்லாரும் எழுதிக்கொள்வார்கள். நம் ஊர் வழக்கம் உங்களுக்கே தெரியும். நாவலைக் கையில் வைத்திருப்பவர் வகுப்பில் ஓரிருவர். மற்றவர்களுக்கு முதலில் தமிழில் கதை, பிறகு ஆங்கிலத்தில் நோட்ஸ். இதில் கேவலம் ஒன்றுமில்லை. நம் பக்கத்து மங்களூரிலிருந்தும் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்தும் பஸ் பிடித்து வருகிற பிள்ளைகள், வீட்டில் முதல் ஆங்கிலப் புத்தகம் அவர்கள் வாங்கியதுதான். கதையைத் தமிழில் சொல்லாமல் நான் எந்த வகுப்பையும் நடத்தியதில்லை.

அந்த நாவல் என்னுடையது என்ற எண்ணம் எனக்கு உண்டு. என் எம்.ஃபில். ஆய்வு அதன் மேல்தான். பாடத்திட்டக் குழுவில் சண்டை போட்டு அதைப் பாடத்தில் சேர்த்ததும் நான்தான். பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் "வெள்ளம் மேடம்". என் காதில் விழாது என்று நினைத்துச் சொல்வார்கள், விழும், எனக்குப் பிடித்தும் இருந்தது. வேறு யாராவது அந்தப் பாடத்தைக் கேட்டால், "உங்களுக்கு ஏன் சார் இந்தக் கஷ்டம்" என்று இனிக்க இனிக்கப் பேசி மறுத்துவிடுவேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் அந்த வகுப்பில் வினோதினி இருந்தாள். கருவேப்பிலங்குறிச்சிப் பெண். மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம். ஆங்கிலம் சுமார்தான். எழுதினால் ஒருமை பன்மை உதைக்கும், பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் நாவலைக் கையில் வைத்திருப்பாள், பழைய புத்தகக் கடையில் யாரோ போட்டுவிட்டுப் போன பிரதி.

பெரியம்மாவின் பகுதியை நடத்திக்கொண்டிருந்தேன். துணி காயப்போடுகிற கொடியைப் பற்றி அந்தப் பெரியம்மா பக்கம் பக்கமாகப் பேசுகிற இடம். குடும்பத்தின் சரிவைக் காட்டும் குறியீடு என்று நான் எழுதிக்கொள்ளச் சொல்லும்போது, மூன்றாவது வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"என்ன வினோதினி?"

எழுந்து நின்றாள். சிரிப்பை அடக்கியதில் கண்ணில் தண்ணீர். "இல்ல மேடம், ஊரே முழுவப் போவுது, இந்தம்மா கொடிக்கயிறு எங்களுதுன்னு பக்கத்து வூட்டோட சண்ட போட்டுக்கிட்டு இருக்குது. அதான் மேடம்."

வகுப்பும் சிரித்தது. நான் உட்காரச் சொன்னேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அந்தப் பக்கங்களை எடுத்துப் படித்தேன். சிரிப்பாகத்தான் இருந்தது. வரிக்கு வரி சிரிப்பு. எத்தனையோ தடவை படித்தவள், ஆய்வேட்டில் அந்த இடத்துக்கு அடிக்குறிப்பு எழுதியவள், ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு, இந்தப் பெண்ணுக்கு என்ன அப்படி ஒரு சிரிப்பு என்று எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தேன். சிரிப்பு வந்தது அவளுக்கு, எரிச்சல் வந்தது எனக்கு. பங்கு பிரிந்த விதம் எனக்கே பிடிக்கவில்லை.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அக்காவின் பகுதிக்கு வந்தோம். நாவலிலேயே கஷ்டமான பகுதி அது. பெரியம்மாவும் படகுக்காரனும் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்வார்கள், எந்த ஜன்னல், எந்த அறை, யார் யாருக்கு என்ன உறவு என்று. அக்கா எதையும் விளக்க மாட்டாள். "கதவு வழக்கம்போல மாட்டிக்கொண்டது" என்பாள், எந்தக் கதவு என்று சொல்ல மாட்டாள். "நீலத் தட்டு விஷயம் நடந்த பிறகு" என்பாள், நீலத் தட்டு விஷயம் என்ன என்று கடைசி வரை வராது. விமர்சகர்கள் இதை இருண்மை என்றார்கள். நான் என் ஆய்வில் "நினைவின் சிதறல்" என்று பெயர் வைத்து ஒரு அத்தியாயமே எழுதியிருந்தேன். வகுப்பிலும் அதைத்தான் சொன்னேன்.

வகுப்பு முடிந்ததும் வினோதினி ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"மேடம், ஒரு டவுட்டு. இந்த அக்கா யார்கிட்ட மேடம் சொல்லுது?"

"வாசகர்கிட்ட. நம்மகிட்ட."

"நம்மகிட்டன்னா வெளக்கிச் சொல்லியிருக்கும்ல மேடம்?"

நான் நினைவின் சிதறலை மறுபடி ஆரம்பித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவளுடைய பக்கத்து வீட்டுப் பெண் சுகன்யா இங்கே ஒரு செராமிக் கம்பெனியில் பொம்மைக்கு வர்ணம் அடிக்கிறாள். தினமும் இருவரும் ஒரே பஸ்ஸில் வருகிறார்கள். வழியில் வினோதினி அவளுக்கு அந்த நாவலைக் கதையாகச் சொல்லிக்கொண்டு வருவாள். சுகன்யாவுக்குக் கதை என்றால் உயிர், டிவி தொடர் மாதிரி விட்ட இடத்திலிருந்து கேட்பாளாம்.

"பெரியம்மா கத, படகுக்காரன் கத எல்லாம் சொல்லிட்டேன் மேடம், கேட்டுக்கிட்டா. அக்கா கத சொல்ல ஆரம்பிச்சா, ஒரு வரி போவ வுட மாட்றா. எந்தக் கதவுடி, எந்தத் தட்டுடி, யாருடி அந்த மாமான்னு நச்சரிக்கிறா. எனக்கே தெரியல, நான் என்னாத்த சொல்றது? அப்பறம்தான் மேடம் தோணிச்சி. நானும் அவளும் எங்க தெருக் கத பேசனா பக்கத்து சீட்டுல இருக்கறவங்களுக்கு ஒண்ணும் புரியாதுல்ல? நாங்க எதயும் வெளக்க மாட்டோம். ரெண்டு பேருக்கும் தெரியும்ல. இந்த அக்காவும் அந்த வூடு தெரிஞ்ச ஆளுகிட்டதான் பேசுது. பெரியம்மா அதுக்குள்ள செத்துப்போயிடிச்சி, சாவுக்குப் போனதயும் அக்கா சொல்லுது. வேற யாரு மேடம் இருக்கா? தங்கச்சிகிட்டதான் பேசுது. நாமதான் பக்கத்து சீட்டுல ஒட்டுக் கேக்கறோம்."

 இப்படி ஒரு மாணவியா என்று நெஞ்சு நிறைந்தது என்றெல்லாம் எழுத ஆசைதான். ஆனால் நான் நினைத்தது, இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்பது மட்டும்தான். அத்தனை வருடம் அந்த வீட்டுக்குள் நான் குடியிருந்தேன். இவள் நேற்று வந்து கதவைத் தூக்கித் திறந்துவிட்டாள். வயிறு எரிந்தது.

"சரி, யோசிச்சுப் பார்க்கலாம், போ" என்றேன்.

நாங்கள் படித்த காலத்தில் எனக்கு ஒரு பேராசிரியர் இருந்தார். யாராவது நல்ல கேள்வி கேட்டால், "குட், சிட் டவுன்" என்பார், அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். பாராட்டுகிறார் என்று நினைத்து நாங்கள் மகிழ்ந்துபோய் உட்காருவோம். அந்த ரெண்டு வார்த்தைக்கு அர்த்தம் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. என் வாயிலும் அதேதான் வந்திருந்தது, தமிழில்.

அடுத்து நான் செய்ததைக் கேளுங்கள். அக்காவின் பகுதியை முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன். ரசிப்பதற்காக அல்ல. அக்கா எதையாவது ஒன்றை விளக்கிச் சொல்லியிருக்கிறாளா என்று தேடினேன். ஒரு இடம் கிடைத்தால் போதும், வினோதினியின் கட்டடம் பொலபொலவென்று விழுந்துவிடும். கிடைத்தது. படகுக்காரன் ஒரு சால்வையைக் கொண்டுவந்து தருகிற இடம். அங்கே மட்டும் அக்கா எல்லாவற்றையும் விளக்குகிறாள். அவன் யார், எப்படி வந்தான், எங்கே உட்கார்ந்தான் என்று விலாவாரியாக. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மறுநாள் முதல் வேலையாக அவளைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைக் காட்டினேன்.

"இங்க பார். இங்க விளக்கிச் சொல்றாளே. தங்கச்சிகிட்ட பேசறவ இதை ஏன் விளக்கணும்?"

வாங்கிப் படித்தாள். உதடு அசைய, வரி வரியாக. எனக்குக் காத்திருக்கப் பொறுக்கவில்லை.

"மேடம், இது தங்கச்சி போனதுக்கப்பறம் நடந்தது."

"அதனால?"

"அதுக்கு எப்புடித் தெரியும் மேடம்? அதான் அக்கா சொல்லிக் குடுக்குது."

ஓட்டை என்று நான் நீட்டியதை அவள் வாங்கித் தூணாக நட்டுவிட்டாள். புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டுக்கு இதையே எடுத்துக்கொள், நானே நெறியாளராக இருக்கிறேன் என்று சொன்னதும் அன்றைக்குத்தான். பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இந்த விஷயம் வேறொருவர் மேசைக்குப் போவதை என்னால் தாங்க முடியாது என்பதுதான் காரணம்.

அவள் எழுதிக் கொண்டுவந்தாள், நான் திருத்தினேன். இந்த இடத்தில் புதியவர்கள் கொஞ்சம் காது கொடுங்கள். பிள்ளைகளின் ஆங்கிலத்தை நாம் திருத்துகிறோம். முதலில் வினைச்சொல்லை மாற்றுவோம், பிறகு வாக்கியத்தை, பிறகு பத்தியை. எல்லா ஊரிலும் நடப்பதுதான், வெளியிலிருந்து வருகிற தேர்வாளர், அந்த எக்ஸ்டர்னல் முன்னால் நம் மானம் போகக்கூடாது என்று. நான் அதற்கும் மேலே போனேன். அவள் "கதையைக் கேட்கிற ஆள்" என்று வெள்ளந்தியாக எழுதியிருந்த இடங்களில் எல்லாம் விமர்சனக் கோட்பாட்டிலிருந்து ஒரு கனமான கலைச்சொல்லைத் தூக்கிப் போட்டேன். என் கை அதில் எங்காவது பட்டிருக்க வேண்டும் என்று இருந்தது. ஸ்பைரல் பைண்டிங் போட்டு வந்தபோது பார்த்தேன், பளபளவென்று இருந்தது. அவளுடையது மாதிரியே இல்லை.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. எக்ஸ்டர்னல் வெளியூர்க் கல்லூரியிலிருந்து வந்தவர், நடுத்தர வயது, நிறையப் படித்தவர். மேசை மேல் தண்ணீர் பாட்டில், முந்திரி பக்கோடா, வருகிறவர்களுக்கு வழக்கமாக நம் துறை வாங்கித் தருகிற பீங்கான் பொம்மை பேக்கிங் பிரிக்காமல். மற்றவர்களை ஐந்து ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார். வினோதினியின் புராஜெக்ட்டை மட்டும் முன்கூட்டியே படித்து, பென்சிலில் கோடெல்லாம் போட்டு வைத்திருந்தார்.

ஆங்கிலத்தில் கேட்டார். அவளுக்கு வழக்கம்போல நாக்கு ஒட்டிக்கொண்டது. பரவாயில்லை என்று விட்டுவிட்டு, அந்தக் கலைச்சொல்லைச் சுட்டிக்காட்டி, இதற்கு அர்த்தம் சொல்லுங்கள் என்றார். நான் தூக்கிப் போட்ட சொல். அவள் என்னைப் பார்த்தாள்.  அவளுக்கு நான் அதை விளக்கவே இல்லை. போடும்போது விளக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

"சாரி சார்" என்றாள்.

அவளைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். கதவு சாத்தியதும் தமிழுக்கு மாறினார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த இங்கிலீஷும் இந்தப் பொண்ணும் ஒட்டவே இல்ல."

"இங்கிலீஷ் நான் திருத்தினது சார்."

"அது எல்லாரும் பண்றதுதான். நான் சொல்றது விஷயத்தை. முதல்ல போன்ல ஏ.ஐ.கிட்ட கேட்டு எழுதியிருப்பாளோன்னு நெனச்சேன். நானே போன்ல கேட்டுப் பார்த்தேன், அது அக்கா கையை விட்டுட்டான்னுதான் சொல்லுது. இந்த யோசனை அதுக்கு வரல. அப்ப யாருக்கு வந்திருக்கும்? இந்த நாவல்ல எம்.ஃபில். பண்ணவங்க நீங்க." சிரித்தார். நல்ல மனிதர், உண்மையான மரியாதையோடுதான் சொன்னார். "வருஷக்கணக்கா ஒரே புத்தகத்தோட இருந்தவங்களுக்குத்தான் மேடம் இப்படி ஒரு திறப்பு கிடைக்கும். பிரமாதம். இதைப் போய் ஒரு ஸ்டூடண்டுக்கு ஏன் குடுத்தீங்க? ரிட்டயர் ஆகப் போறீங்க, உங்க பேர்ல கட்டுரையா போடுங்க. எங்க ஜர்னல்லயே போடலாம். அந்தப் பொண்ணு வேற தலைப்புல அடுத்த வருஷம் பண்ணட்டும்."

வேற தலைப்பில் அடுத்த வருடம். அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். வினோதினிக்கு அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது. அவளுக்குப் பிறகு ஒரு தம்பி இருக்கிறான். ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான் படிக்க முடியும், உன் முறை மே மாதத்தோடு சரி என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். எம்.ஏ.வை முடித்தால் பி.எட். போகலாம் என்று அவரிடம் சண்டை போட்டு வாங்கி வைத்திருந்தாள். இந்த புராஜெக்ட் நின்றால் எம்.ஏ. நிற்கும், எம்.ஏ. நின்றால் எல்லாம் நிற்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

தெரிந்தும், அவர் சொன்ன "பிரமாதம்" என்ற சொல் என் காதில் தேன் மாதிரி இறங்கியது. என்னை யாரும் அந்த நாவலை வைத்து அப்படிப் பார்த்ததில்லை. எந்தப் பெருமைக்காக நான் மாதக்கணக்கில் புழுங்கினேனோ அதை ஒருவர் தானாகவே எடுத்து என் மடியில் வைக்கிறார். நான் பொய் சொல்லக்கூட வேண்டாம். லேசாகச் சிரித்துக்கொண்டு தண்ணீர் குடித்தால் போதும். கொஞ்ச நேரம் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அந்தக் கொஞ்ச நேரம் அது எனக்குச் சொந்தமாக இருந்தது, அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

அந்த ருசிதான் என்னை உலுக்கியது. என்னுடையதாக இருந்தால் எனக்கு இது இவ்வளவு இனிக்காதே.

"சார், இது என்னோடதா இருந்தா எனக்கு எதுக்கு சார் வயிறு எரியணும்?"

அவர் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்.

"சிரிக்காதீங்க சார். நெஜமாத்தான் சொல்றேன். அந்தப் பொண்ணு இதை வந்து சொன்ன நாள்லேர்ந்து நான் சரியா சாப்பிடல. அவ சொன்னது தப்புன்னு காட்டறதுக்காக முழுசா திரும்பப் படிச்சேன். ஒரு எடம் புடிச்சிக்கிட்டுப் போய் நீட்டினா, அதையும் அவளுக்குச் சாதகமா திருப்பிட்டா. என் எம்.ஃபில்.ல நான் இதையே சிதறல்னு எழுதியிருக்கேன், லைப்ரரில இருக்கு, எடுத்துப் பாருங்க. நீங்க கேட்டீங்களே, அந்தச் சொல்லு, அது நான் சொருகினது. அவளுக்கு அது தெரியாது. தெரியவும் வேணாம். சொந்த வூட்டுப் பொருளைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவாங்களா சார்?"

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "இதையெல்லாம் நான் ரிப்போர்ட்டுல எழுத முடியாதே மேடம்."

"எழுத வேணாம். அவளைத் திரும்பக் கூப்பிட்டுத் தமிழ்ல கேளுங்க."

"எம்.ஏ. இங்கிலீஷ் வைவாவைத் தமிழ்லயா?"

"நான் இந்த நாவலைத் தமிழ்லதான் சார் நடத்தறேன். நீங்க எப்படி நடத்தறீங்க?"

 கதவைத் திறந்து அவரே அவளைக் கூப்பிட்டார்.

"உக்காரும்மா. தமிழ்லயே சொல்லு. இந்த அக்கா தங்கச்சிகிட்டதான் பேசறான்னு எப்படிச் சொல்ற?"

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தாள். பஸ், சுகன்யா, கதவு, நீலத் தட்டு. முதலில் மெதுவாக, பிறகு கையை ஆட்டி ஆட்டி. பெரியம்மா கொடிக்கயிற்றுக்குச் சண்டை போடுகிறதை நடித்தே காட்டினாள், எக்ஸ்டர்னல் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு எல்லாரும் கேட்கிற கேள்வியை அவரும் கேட்டார்.

"சரிம்மா. அப்ப கையை விட்டாளா, இல்லையா? அவ்வளவு பேசறவ அதை ஏன் சொல்லல?"

"அதத் தங்கச்சிகிட்ட எதுக்கு சார் சொல்லணும்? அந்தக் கை தங்கச்சி கை. வுட்டிச்சா, நழுவிச்சான்னு அதுக்குத் தெரியாதா? தெரிஞ்ச ஆளுகிட்ட தெரிஞ்சத யாராவது சொல்வாங்களா சார்? நமக்குத்தான் தெரியல. அவங்களுக்குள்ள அது எப்பவோ பேசி முடிச்ச விஷயம்."

 அவர் புராஜெக்ட்டைப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார்.

"இது இதுல இல்லையே."

"இல்ல சார். இப்பதான் தோணிச்சி" என்றாள்.

"எனக்கும் இப்பதான் தெரியும்" என்றேன். உண்மை. எத்தனை வருடம் எத்தனை பிள்ளைகளுக்கு "ஆசிரியர் திறந்து விட்டிருக்கிறார்" என்று எழுதிப் போட்ட கேள்வி அது. மறுபடியும் வயிற்றில் அதே நெருப்பு.

எக்ஸ்டர்னல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் நான் பார்த்தது பாராட்டு இல்லை. எனக்கு நன்றாகப் பழக்கமான முகம் அது, கண்ணாடியில் மாதக்கணக்கில் பார்த்தது. அவருடைய கல்லூரியிலும் அந்த நாவலை அவர்தான் நடத்துகிறாராம், பிறகு சொன்னார்.

"நீ போலாம்மா" என்றார்.  பேனாவை எடுத்து மார்க் போட்டார், எவ்வளவு என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. அவர் முகமே சொல்லிவிட்டது.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது இங்கே முடிந்துவிட்டது. ஒரு மாணவர் சொல்வதைக் கேட்டு வயிறு எரிந்தால், அந்த எரிச்சலை நம்புங்கள். இரவல் வாங்கியதையும் காப்பி அடித்ததையும் பார்த்து நமக்குச் சலிப்புதான் வரும். எரிச்சல் வந்தால் எதிரில் ஏதோ நிஜம் நிற்கிறது. அந்த நேரத்தில் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். நல்லவராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, இது யாருடையது என்று கேட்கிறவரிடம், பொறாமைப்பட்டது யாரைப் பார்த்து என்ற உண்மையைச் சொன்னால் போதும்.

நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது வினோதினி வராந்தாவில் தூண் ஓரமாக நின்றிருந்தாள்.

"மேடம்... வெளிய நின்னப்ப நீங்க பேசனது காதுல வுழுந்திச்சி. ஒட்டுக் கேக்கல, சத்தமா பேசனீங்க. நெஜமாவே உங்களுக்கு என்மேல பொறாமையா?"

"ஆமா."

"சும்மா எனக்காக சொன்னீங்களா மேடம்?"

"உனக்காக நான் எதுக்குப் பொய் சொல்லணும்? வயிறு எரியுது."

"இப்பவுமா?"

"இப்ப இன்னும் ஜாஸ்தி. போ, பஸ்ஸ வுட்டுடப் போற."

 அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் படியில் தடதடவென்று இறங்கினாள். கேட்டைத் தாண்டுவதற்குள் போன் காதுக்குப் போய்விட்டது. தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்.

"ஏய் சுகன்யா! மார்க்கா? அது என்னாத்துக்குடி, அது கெடக்குது. நீ இதக் கேளு. எங்க வெள்ளம் மேடத்துக்கு என்மேல பொறாமையாம்டீ!"